முழம்கூட இல்லாத ரயில்பாதையில் என்ன இருக்கிறது?

கேள்வி ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டது. இரண்டு படுக்கையறை ஃபிளாட், மூன்று வயது மகள், சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். மாடல் ரயில் கட்ட ஆசை, ஆனால் இடம் இல்லை. மாட்யூல் முறையில், அதாவது தனித்தனித் துண்டாகச் செய்து பிறகு ஒன்றோடு ஒன்று சேர்க்கிற முறையில், ஓர் அடி நீளப் பலகையிலேயே கட்டலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறார். "ஓர் அடிப் பலகையில் அப்படி என்ன இருக்கிறது? பெரியவர்கள் நாலு பேர் கூடி மேஜையில் பொம்மை ரயில் விட இவ்வளவு மாய்ந்து போவானேன்?" என்பது அவர் மனைவியின் கேள்வி. நம் ஊர் ரயிலை, அதாவது தென்னாப்பிரிக்க ரயிலை, அதில் செய்ய முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முதலில் உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். என் மனைவியும் இதையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் எனக்கு ஏழு வருஷம் போனது.

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் இருப்பது, 1960களில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் ஜனங்களை அங்கங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தபோது நகராட்சி கட்டிய வீடு. நடுச்சுவர் எங்களுக்குப் பாதி, பக்கத்து வீட்டாருக்குப் பாதி. பின்பக்கம் அப்பா ஒரு கார் நிற்கிற அளவுக்குக் கராஜ் கட்டியிருந்தார். 1990களில் அந்தக் கராஜில் ஹெச்ஓ ஸ்கேலில், அதாவது 87இல் ஒரு பங்கு அளவில், டர்பனிலிருந்து கிளூஃப், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா வழியாக மேலே ஏறும் பழைய மெயின் லைனைக் கட்டிவிடுவது என்று கிளம்பினேன். நாலு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் பலகை. நாலு மீட்டர் என்றால் அந்த ஸ்கேலில் நிஜத்தின் 350 மீட்டர்தான் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட அப்போது தோன்றவில்லை.

சிப்போர்டு வாங்கியது முதல் தப்பு. டர்பன் ஈரக்காற்றில் முதல் கோடையிலேயே அது ஊறின அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. மாற்றினேன். தண்டவாளம் போட்டேன், பிடிக்கவில்லை, பிடுங்கினேன். மலை கட்ட ஆரம்பித்தேன். பாதி மலை நின்றது. அந்தப் பாதி மலைக்குள் எலி குட்டி போட்டது. ஏழு வருஷமும் கார் மழையில் நின்றது. கடைசியில் மகன் லைசென்ஸ் எடுத்து இரண்டாவது கார் வந்த வாரம், ரம்பத்தை எடுத்து எல்லாவற்றையும் அறுத்து வெளியே போட்டேன். மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏழு வருஷத்தில் ஒரு ரயில் ஒரு முழுச் சுற்று சுற்றியதில்லை.

அதற்கப்புறம் சில வருஷம் இந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் காட்டோ கம்பெனியின் இரட்டைத் தண்டவாளத்தில் இரண்டு துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று 248 மில்லிமீட்டர், இன்னொன்று 62. சேர்த்தால் 310. "இது நிற்கிற அளவுக்கு ஒரு பெட்டி செய், போதும்" என்றார். மூன்று சனிக்கிழமை. மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் பெயின்ட் காய்ந்ததும் அதை டிவி மேல் வைத்துவிட்டு, மனைவியிடம் "முடிந்துவிட்டது" என்றேன். அவள் "எது?" என்று கேட்டாள். அந்த வீட்டில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவ்வளவு நாளாகியிருந்தது.

பாதி பதில் இதிலேயே இருக்கிறது. ஓர் அடிப் பலகை முடியும். கராஜ் முடியாது. வேலைக்குப் போய் வந்து, பிள்ளையைத் தூங்க வைத்து, அப்புறம் கிடைக்கிற முக்கால் மணி நேரத்தில் செய்கிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பெட்டியை முடித்தால் அடுத்ததில் முதலில் செய்த தப்பைச் செய்யமாட்டீர்கள். என் நாலாவது பெட்டியைப் பார்த்துவிட்டு முதல் பெட்டியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். இருந்தாலும் அதைத் தூக்கிப்போடவில்லை.

மீதிப் பாதி பதிலுக்கு அளவுகள் கொஞ்சம் தெரிய வேண்டும்.

மாட்யூல் ரயில் என்பது புதுசு இல்லை. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் சிலர் ‘என்’ ஸ்கேலுக்கு என்-டிராக் என்று ஒரு விதிமுறை வகுத்தார்கள். (இந்த ‘என்’ ஆங்கில எழுத்து, தண்டவாள அகலம் ஒன்பது மில்லிமீட்டர் என்பதிலிருந்து வந்தது. ‘என்னுடைய ஸ்கேல்’ என்று படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.) நாலடி நீளம், இரண்டடி அகலம், நாற்பது அங்குல உயரத்தில் கால்கள், முன்பக்கம் மூன்று மெயின் லைன். அருமையான ஏற்பாடுதான், ஆனால் பக்கி (பின்னால் திறந்த சின்ன வண்டி) வேண்டும், கராஜ் வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஐரோப்பாவில் ஃப்ரெமோ என்ற அமைப்பு 1981 முதல் வேறு விதமாகச் செய்கிறது. அவர்கள் வட்டமே போடமாட்டார்கள், ஊரிலிருந்து ஊருக்கு டைம்டேபிள் வைத்து ஓட்டுவார்கள். இரண்டும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

உங்கள் ஃபிளாட்டுக்கு ஏற்றது டி-டிராக். 2000 வாக்கில் லீ மோனாக்கோ ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி டோக்கியோவில் மேஜை மேல் வைத்த சின்னச் சின்ன மாட்யூல்களைப் பார்த்துவிட்டு வந்து வகுத்த முறை. கால் கிடையாது. எந்த மேஜையிலும் வைக்கலாம். ஒற்றைப் பெட்டியின் நீளம் 308 மில்லிமீட்டர், அதன் மேல் தண்டவாளம் 310. அதாவது இரண்டு பக்கமும் தண்டவாளம் ஒவ்வொரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உயரம் 70 மில்லிமீட்டர், அடியில் நாலு போல்ட்டைத் திருகினால் நூறு வரை ஏற்றலாம். மூலைப் பெட்டி 365க்கு 365. நாலு மூலைகளை மட்டும் சேர்த்தாலே முக்கால் மீட்டர் சதுரத்துக்குள் ஒரு முழு வட்டம் வந்துவிடும். உங்கள் சாப்பாட்டு மேஜையில் ஓட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் சூட்சுமம். பெட்டியின் மரம் மரத்தோடு முட்டாமல், தண்டவாளம் தண்டவாளத்தோடு முதலில் சேர்வதற்கான இடம் அது. லெனேசியாவில் குளிர்காலக் காற்று எலும்பு வரை காய்ந்தது. அங்கே செய்த பெட்டியை டர்பனுக்குக் கொண்டுவந்தால் மரம் உப்பும். உப்பட்டும், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஒருவர் ஒரு முறை அழகுக்காகப் பெட்டியை 310க்கே செய்துகொண்டு வந்தார். தேக்கு மாதிரி பாலிஷ். எங்கள் வரிசையில் அதை மட்டும் சேர்க்க முடியவில்லை. மனிதர் நாள் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். விதி கேட்பது எவ்வளவு? இரண்டு ஓரங்கள். தண்டவாளம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்த உயரம், இரண்டு பாதைக்கும் நடுவே எவ்வளவு தூரம் (33 மில்லிமீட்டர்), எந்த ஒயர் எந்தப் பக்கம். அவ்வளவுதான். நடுவில் நீங்கள் கரும்புக்காடு வைக்கலாம், சுரங்கம் வைக்கலாம், செவ்வாய்க்கிரகம் வைக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். தேரோடும் தெரு மாதிரி. தேர் போகிற அகலத்தை விட்டுவிட வேண்டும், அதில் சமரசமே இல்லை. உங்கள் திண்ணையில் நீங்கள் முறுக்கு விற்றாலும் மகாபாரதம் படித்தாலும் அது உங்கள் பாடு.

இன்னொன்று, அந்தப் பெட்டி தனியாக இருந்தால் உபயோகமில்லை. தண்டவாளம் இரண்டு பக்கமும் அந்தரத்தில் முடிகிறது. ரயிலை வைத்தால் ஒரு விநாடியில் கீழே விழும். அது ஓட வேண்டுமென்றால் இன்னொருவருடைய பெட்டி வேண்டும், நீங்கள் பார்த்தே இராத ஒருவர் எங்கேயோ அவர் சமையலறையில் செய்த பெட்டி. கராஜில் நான் கட்டியது எனக்கு மட்டுமே. அதனால்தான் அது முடியாதபோது கேட்க ஆள் இல்லை. பெட்டி அப்படி இல்லை: "அடுத்த மாசம் கோயில் ஹாலில் சேர்கிறோம், உங்கள் 31 சென்டிமீட்டர் வருகிறதா இல்லையா?" என்று போன் வரும். பெரியவர்கள் மாய்ந்து போவது இதனால்தான் என்பது என் எண்ணம். பொம்மை என்று உங்கள் மனைவி சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. பொம்மைதான்.

கோயில் ஹாலில் சேர்வது எப்படி என்றால், கல்யாணத்துக்குப் போடுகிற நீள மேஜைகளையே போடுவோம். மேஜை விரிப்பில் குழம்புக் கறை இருக்கும். காலை எட்டுக்கு வந்தால் பத்துக்குள் எல்லாம் சேர்ந்து ரயில் ஓடும். என்-டிராக் காலத்தில் இதற்கு அரை நாள் போகுமாம். யாரிடம் என்ன இருக்கும் என்பது பெட்டியைத் திறக்கும் வரை தெரியாது. ஒருவர் கிரே ஸ்ட்ரீட் கடைத்தெருவை, அந்த ஆர்கேடு வளைவுகளோடு, அட்டையிலேயே வெட்டிச் செய்திருந்தார். (தெருவுக்குப் பெயர் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. பெட்டியில் அவர் பழைய பெயர்ப்பலகைதான் வைத்திருக்கிறார்.) ரிட்டயரான ஓர் அக்கா, டீச்சராக இருந்தவர், இசிபிங்கோ ரயில் மாரியம்மன் கோயிலைப் புனித வெள்ளித் திருவிழாவோடு செய்தார். இசிபிங்கோ ரயில் என்பது அந்தப் பகுதிக்கே பெயர், ஸ்டேஷனால் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், அன்றைக்கு அங்கே கூழ் ஊற்றுவதும் கூட்டமும். இந்த ஸ்கேலில் ஓர் ஆள் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அக்கா இருநூறு பேரை, ஒவ்வொருவருக்கும் மஞ்சள் பெயின்ட் தொட்டு, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டியிருந்தார். ரயில் அதன் முன்னால் போகும்போது எல்லோரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த பெட்டி யாரோ ஒரு பையன் செய்தது, டைனோசர். ரயில் மாரியம்மன் கோயிலைத் தாண்டி டைனோசருக்குள் போனது. எனக்கு இரண்டுமே பிடித்தது.

சரி, நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருவோம். நம் ஊர் ரயிலைச் செய்ய முடியுமா? முடியும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது.

உலகத்தில் விற்கிற மாடல் தண்டவாளம் பெரும்பாலும் 1435 மில்லிமீட்டர் ஸ்டாண்டர்ட் கேஜை (கேஜ் என்றால் தண்டவாள அகலம்) மனதில் வைத்துச் செய்தது. 1435ஐ 160ஆல் வகுத்தால் ஒன்பது. அதுதான் என் ஸ்கேல். 87ஆல் வகுத்தால் 16.5, அது ஹெச்ஓ. ஆனால் நம் நாட்டு ரயில் 1067 மில்லிமீட்டர், மூன்றடி ஆறங்குலம். இதற்குப் பெயரே கேப் கேஜ். 1860 ஜூன் 26இல் டர்பன் ஊருக்குள்ளிருந்து பாயிண்ட் துறைமுகம் வரை இரண்டு மைல் ஓடிய முதல் ரயில் ஸ்டாண்டர்ட் கேஜ்தான். அதே வருஷம் நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு அதே துறைமுகத்துக்கு வந்தது. நம் ஆட்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மாசம் முன்னாலேயே ரயில் வந்துவிட்டது என்று என் தாத்தா சொல்வார். அவருடைய அப்பா நேட்டால் அரசு ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளத்துக்கு ஜல்லி இடித்தவர். பிறகு 1870களில் கேப் காலனி குறுகிய கேஜுக்கு முடிவு செய்ய, நேட்டாலும் அதற்கே போனது. மலைநாட்டில் வளைவு நெருக்கமாகப் போடலாம், செலவு குறைவு. நமக்குச் சிக்கல் அங்கே ஆரம்பம்.

என் சின்ன வயதில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைக் கண்ணாடிக்குள் இத்தாலியின் லீமா கம்பெனி செய்த தென்னாப்பிரிக்க மின்சார எஞ்சின் இருக்கும், ஹெச்ஓவில். ரயில்வேயின் செங்காவி நிறம், முகத்தில் மஞ்சள் மீசை. மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பேன். ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று தெரியாது. பெரியவனானதும்தான் புரிந்தது: நிஜத்தில் தண்டவாளத்தைவிட உடம்பு பக்கவாட்டில் நன்றாகப் பிதுங்கி நிற்க வேண்டிய எஞ்சின், அங்கே ஐரோப்பிய அகலத் தண்டவாளத்தில் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி. ஒன்று, தண்டவாளத்தைச் சுருக்குவது: ஹெச்ஓவில் 16.5க்குப் பதில் 12 மில்லிமீட்டர். கணக்கு அழகாக வரும், ஆனால் சக்கரம் முதல் பாயிண்ட் (தண்டவாளம் பிரிகிற இடம்) வரை நீங்களே திருத்த வேண்டும். இரண்டு, ஸ்கேலைப் பெரிதாக்குவது. 1067ஐ 16.5ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 64. ஆக 64இல் ஒரு பங்கு எஞ்சின் செய்து சாதாரண ஹெச்ஓ தண்டவாளத்தில் ஓட்டினால் நூல் பிடித்த மாதிரி சரியாக இருக்கும். நியூசிலாந்திலும் அதே கேஜ்தான், அங்கே பலர் இப்படித்தான் செய்கிறார்கள். பார்க்கப் பிரமாதம், ஆனால் உங்கள் ஃபிளாட்டுக்குப் பெரிசு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 1067ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், 118 சொச்சம். 120இல் ஒரு பங்கு அளவில் நம் எஞ்சினைச் செய்து, அதே காட்டோ ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளத்தில், அதே டி-டிராக் பெட்டியில் ஓட்டலாம். தண்டவாளம், பாயிண்ட், மாட்யூல் எதையும் மாற்ற வேண்டாம். ஜப்பானிலும் இப்படி ஒரு சின்னக் கூட்டம் செய்கிறது, ஏனென்றால் 1872இல் அவர்கள் போட்ட முதல் ரயில்பாதையும் 1067தான். அதே ஜப்பானில் பெரும்பாலோர் கவலைப்படாமல் 150இல் ஒரு பங்கு உடம்பை ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். கணக்குப்படி அது 1350 மில்லிமீட்டர் கேஜ் ஆகிறது. உலகத்திலேயே நுணுக்கமான மாடல் செய்கிற நாடு இந்தத் தப்போடு நிம்மதியாக வாழ்கிறது. ஆகையால் கேஜ் சரியில்லை என்று உங்களிடம் யாராவது முகம் சுளித்தால் காட்டோ பெட்டியை நீட்டுங்கள்.

நடைமுறையில் எப்படி? 6இ1 மின்சார எஞ்சினின் நீளம் ஏறக்குறைய 15.5 மீட்டர். 120ஆல் வகுத்தால் 129 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு நெருங்கி வரும் பழைய ஜப்பானிய மாடல் எஞ்சினின் அடிப்பாகத்தை, மோட்டாரும் சக்கரமுமாக எடுத்து, மேல் உடம்பை 3டி பிரிண்டரில் அடித்து மாட்டிக்கொள்வது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். சக்கர இடைவெளி அச்சாகப் பொருந்தாது. ஓடுகிற எஞ்சினில் அதை எண்ணுகிறவன் ரசிகன் இல்லை, ஆடிட்டர்.

இதில் நான் பட்ட ஒரு பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 120க்கு மாறிய உற்சாகத்தில் நம் பழைய நீளப் பயணிகள் பெட்டிகளைச் செய்தேன். நிஜத்தில் சுமார் 20 மீட்டர், மாடலில் 167 மில்லிமீட்டர். நேர்ப்பாதையில் ராஜா மாதிரி போனது. இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் விட்டபோது, மூலையில் இரண்டு ரயிலும் எதிரெதிரே வந்து தோளோடு தோள் உரசி, இரண்டுமே சாய்ந்தன. பயணிகள் பெட்டியின் அகலம் 24 மில்லிமீட்டர், பாதைகளுக்கு நடுவே 33. மிச்சம் ஒன்பதுதான். வெளிவட்டத்து ஆரம் 315, உள்வட்டம் 282. அந்த வளைவில் வெளிப்பாதை ரயிலின் இடுப்பு உள்ளே தள்ளும், உள்பாதை ரயிலின் முனைகள் வெளியே தள்ளும். இரண்டையும் கூட்டினால் ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. செய்வதற்கு முன்னால் காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது நீளப் பெட்டிகள் வெளிவட்டத்தில் மட்டும். உள்ளே குட்டையான சரக்கு வண்டிகள். 160இல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. புதுசாகத் தொடங்குகிறவருக்கு 160தான் சொல்வேன், 120க்கு ஆசை வந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாட்யூல் பெட்டி அதேதான்.

இரண்டடி கேஜ் பிடிக்குமா? போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங் போன சின்ன ரயிலும், முன்னும் பின்னும் எஞ்சின் வைத்த மாதிரி இருக்கும் காரட் எஞ்சின்களும், கரும்புத் தோட்ட டிராம்களும் அந்த வகை. அந்த காரட்டுகளில் சில இன்றைக்கு வேல்ஸ் நாட்டு மலையில் டூரிஸ்டுகளை இழுக்கின்றன. அது தனிக் கதை. அதைத் தொட்டால் இந்தப் பதில் முடியாது.

கரண்ட் விஷயம். டி-டிராக்கில் ஒயர் நிறம் ஒரு மந்திரம் மாதிரி: முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். காட்டோவின் ஒயரே அந்த இரண்டு நிறம்தான். இதை ஒருவர் மாற்றிக் கொடுத்தால் மொத்த வரிசையும் ஷார்ட் ஆகும், யாருடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பெட்டியாகக் கழற்ற வேண்டியிருக்கும். ஒரு முறை முக்கால் மணி நேரம் தேடினோம். எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் வேலை பார்த்த ஒருவருடைய பெட்டி அது. யார் என்று கேட்காதீர்கள், பதில் எழுதிக்கொண்டிருப்பவரைச் சங்கடப்படுத்தக்கூடாது.

2023இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இந்தச் சின்ன ரயிலின் அருமை இன்னொரு விதத்தில் தெரிந்தது. கோயில் ஹாலில் சரியாகப் பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, டீ கொதிக்கவில்லை. ஒருவர் காரிலிருந்து கேட் மோட்டார் பேட்டரியை எடுத்துவந்தார். அலாரத்துக்கும் கேட்டுக்கும் எல்லோர் வீட்டிலும் இருக்குமே, 12 வோல்ட், ஏழு ஆம்பியர்-மணி. என் ஸ்கேல் எஞ்சின் ஒன்று கால் ஆம்பியர்தான் குடிக்கும். பேட்டரிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு ஃபியூஸும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்னக் கட்டுப்பாட்டுக் கருவியும் போட்டோம். ஜன்னல் வெளிச்சத்தில் சாயங்காலம் வரை ரயில் ஓடியது. ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியை நேராகக் கொடுக்காதீர்கள். தண்டவாளத்தில் ஒரு ஊசி விழுந்தால் ஒயர் பழுத்துவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வட்டம் வட்டம்தான், சுற்றிச் சுற்றி வருகிறதைப் பார்த்தால் இருபது நிமிஷத்தில் கொட்டாவி வரும். தனியாக வீட்டில் ஓட்டுகிறவருக்கு இது உண்மையான குறை; அதனால் ஒரு பெட்டியிலாவது பாயிண்ட் வைத்து, வண்டியைப் பிரித்துச் சேர்க்கிற சைடிங் வையுங்கள். வளைவுகள் நிஜ ரயில்காரன் பார்த்தால் சிரிப்பான். கண் போன வயதில் இந்தச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றுவது பெரும்பாடு. டர்பன் உப்புக்காற்றில் தண்டவாளம் கறுக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. இதைவிடச் சின்னதும் உண்டு: மார்க்லின் 1972இல் கொண்டுவந்த 220இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே 450இல் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர் தண்டவாளம். இரண்டையும் பார்த்து ரசியுங்கள், வாங்காதீர்கள்.

விலை எல்லாம் கப்பலில் வருகிற விலை, ரேண்ட் விழுந்தால் ஏறும். புதுசு வாங்குவதைவிடப் பழைய செட் தேடுங்கள். பலகைக்கு ஒன்பது மில்லிமீட்டர் பிளைவுட், உள்ளும் வெளியும் வார்னிஷ், தயவுசெய்து சிப்போர்டு வேண்டாம். மகளுக்கு மூன்று வயது என்கிறீர்கள். ஒரு சென்டிமீட்டர் மனிதர்களும் கப்ளிங்குகளும் நேராக வாய்க்குப் போகும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மூடி போட்டு உயரத்தில் வையுங்கள். ஓட்டும்போது மட்டும் வேகக் குமிழை அவள் கையில் கொடுங்கள். பேத்திக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். இப்போது பன்னிரண்டு வயது. "தாத்தா, உங்கள் கரும்பு ரொம்பப் பச்சை" என்று சொல்லி என் மூன்றாவது பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தேங்காய் நாரைச் சாயத்தில் முக்கி முழுவதும் மறுபடி நட்டிருக்கிறாள். அவள் செய்ததுதான் நன்றாக இருக்கிறது.

முதல் பெட்டியில் என்ன செய்வது என்று குழம்பாதீர்கள். 310 மில்லிமீட்டர் என்பது 160இல் ஐம்பது மீட்டர் நிஜம். ஐம்பது மீட்டரில் ஒரு ஊர் வராது. லெனேசியா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு மூலை வரும். நீங்கள் பள்ளிக்கூடம் போக நின்ற இடம், ஒரு பெஞ்சு, ஒரு விளக்குக் கம்பம், மஞ்சளும் சாம்பலுமான மெட்ரோரயில் வந்து நிற்கிற தூரம், அவ்வளவு போதும்.

ஈஸ்டருக்கு எப்படியும் உங்கள் மாமியார் வீட்டுக்கு டர்பன் வருவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆப்பிள் பெட்டி ஒன்றில் பழைய டவலைச் சுற்றி மாட்யூலை வைத்து, பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். என்3 சாலையில் வான் ரீனன் இறக்கத்தில் லாரிக்காரர்கள் திடீரென்று பிரேக் அடிப்பார்கள். சனிக்கிழமை காலை ஹாலில் மாரியம்மன் கோயிலுக்கும் டைனோசருக்கும் நடுவே ஓர் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உயரம் 70 மில்லிமீட்டர், நீலம் முன்னால்.